நிரூபிக்க வேண்டியது யார்? அமெரிக்க இனப்பாகுபாட்டு வழக்குகளின் உள்கணக்கு

அலபாமா மாநிலம், டல்லாஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பகுதி). அதன் தலைமையிடம் செல்மா. 1961-இல் அந்தக் கவுண்டியில் வாக்களிக்கும் வயதை எட்டிய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 15,000 பேர். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 156 பேர். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமே வழக்குப் போட்டது. நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. பரவலான பாகுபாடு நடக்கிறது என்று ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிமன்றங்கள் இரண்டு முறை உறுதிசெய்தன. அத்தனைக்கும் பிறகு பட்டியலில் இருந்த எண்ணிக்கை 383.

சட்டப்படி இது வெற்றி. பட்டியலைப் பார்த்தால் படுதோல்வி. இந்த இடைவெளி எப்படி உண்டானது என்று புரிந்துகொண்டால்தான் 1930-களிலிருந்து 1970-கள் வரை நடந்த வழக்குகளின் போக்கு பிடிபடும். புகழ்பெற்ற தீர்ப்புகளை வரிசையாகச் சொல்வது எளிது. அந்தத் தீர்ப்புகளுக்கு அடியில் ஓடிய சண்டை வேறு: நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, வழக்கு முடியும்வரை காத்திருப்பது யார். பாதிக்கப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும், அதுவரை பழைய நிலையே தொடரும் என்றால், மாநில அரசுக்குத் தோற்பதும்கூட லாபம்தான்.

நூலகப் புத்தகங்களை எண்ணிய வழக்கு

1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியாக வைத்தாலும் சமமாக இருந்தால் போதும் என்றது. அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதியளித்து அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. தேசிய கறுப்பின முன்னேற்றச் சங்கத்துக்காக வழக்குகளை வகுத்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அந்தத் தீர்ப்பின் மீது நேரே மோதவில்லை. அதிலிருந்த ‘சமம்’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டார். சமம் என்கிறீர்களே, காட்டுங்கள் என்பதுதான் அவர் உத்தி.

சட்டக் கல்லூரிகளிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. மாணவர்கள் சிலரே என்பதால் எதிர்ப்பு குறைவு. மாநிலத்துக்கு ஒரே ஒரு சட்டக் கல்லூரிதான் என்பதால், ‘சமமான’ இன்னொன்றைக் கட்டுவது பெருஞ்செலவு. நல்ல சட்டக் கல்விக்கு என்ன வேண்டும் என்பதை நீதிபதிகளுக்கு யாரும் விளக்கவும் வேண்டாம். 1938-இல் மிசூரி மாநிலம், பக்கத்து மாநிலத்தில் போய்ப் படியுங்கள், கட்டணம் நாங்கள் தருகிறோம் என்று, சட்டக் கல்லூரியில் இடம் கேட்ட கறுப்பின மாணவர் லாயிட் கெய்ன்ஸிடம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உன் கடமையை உன் எல்லைக்குள் செய் என்றது.

டெக்சாஸ் இன்னும் சாமர்த்தியம் காட்டியது. அஞ்சல் ஊழியரான ஹெமன் ஸ்வெட் இடம் கேட்டதும், அவருக்காகவே ஒரு தனிச் சட்டக் கல்லூரியை அவசரமாக முளைக்க வைத்தது. 1950 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் முழுநேர ஆசிரியர்கள் 16 பேர், மாணவர்கள் 850, நூலகத்தில் 65,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள். புதியதில் ஆசிரியர்கள் 5 பேர், மாணவர்கள் 23, புத்தகங்கள் சுமார் 16,500. கணக்கோடு நிறுத்தாமல், எண்ணிக் காட்ட முடியாதவற்றையும் நீதிமன்றம் சேர்த்தது: கல்லூரியின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, நாளைக்கு எதிரே நிற்கப்போகும் வக்கீல்களும் நீதிபதிகளுமாக இருக்கப்போகிறவர்களோடு சேர்ந்து படிப்பது. மாநில மக்கள்தொகையில் 85 சதவீதத்தினரை விலக்கி வைத்துவிட்டு வக்கீலாகப் பழக முடியாது என்றது. இந்த ஒரு பத்திதான் பின்னால் பள்ளி வழக்குகளுக்குக் கதவைத் திறந்தது. எண்ண முடியாதது கணக்கில் வந்துவிட்டால், எத்தனை புத்தகம் வாங்கிக் குவித்தாலும் தனிக் கல்லூரி சமமாகாது.

‘சமமாக்கு’ என்று கேட்பதில் ஒரு பொறியும் இருந்தது. மாநிலம் உண்மையிலேயே செலவு செய்யத் தொடங்கினால்? 1951-இல் தென் கரோலினா 3 சதவீத விற்பனை வரி போட்டு, கறுப்பினக் குழந்தைகளுக்குப் புதிய பள்ளிக் கட்டடங்கள் எழுப்பத் தொடங்கியது. நீதிமன்றத்தில் போய், ஆமாம், இதுவரை சமமில்லைதான், இதோ கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டது. தப்பை ஒப்புக்கொண்டே வழக்கை முறியடிக்கும் வித்தை இது.

பேருந்தில் தொடங்கி பள்ளியில் முடிந்தது

அந்தத் தென் கரோலினா வழக்கு எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தால், இத்தகைய வழக்குகள் எங்கே சறுக்கும் என்பது தெரியும். கிளாரெண்டன் கவுண்டியில் வெள்ளையர் பள்ளிகளுக்கு 30 பேருந்துகள். கறுப்பினப் பள்ளிகளுக்கு ஒன்றுகூட இல்லை. லெவி பியர்சன் என்ற விவசாயி ஒரே ஒரு பேருந்து கேட்டு வழக்குப் போட்டார். அவர் நிலம் பள்ளி வட்டங்களின் எல்லைக்கோட்டில் கிடந்தது. வரி கட்டியது வேறு வட்டத்தில். வழக்காடும் தகுதி இல்லை என்று 1948-இல் வழக்கு போயிற்று. பாகுபாடு நடந்ததா என்ற கேள்விக்கு நீதிமன்றம் வரவே இல்லை.

இதிலிருந்து கற்ற பாடம்: ஒரு வாதியை நம்பக் கூடாது. பல பெற்றோர்கள், எல்லோருக்கும் ஒரே வட்டத்தில் வீடு, வரி ரசீது, பள்ளியில் படிக்கும் பிள்ளை. அத்தனை பேரின் சார்பிலும் குழு வழக்கு. ஒருவர் விலகினாலும் ஒரு பிள்ளை படிப்பை முடித்துவிட்டாலும் வழக்கு உயிரோடு இருக்க வேண்டும். விலக வைப்பதற்கு எதிர்த்தரப்பிடம் வழிகள் நிறைய இருந்தன. அடுத்த வழக்கில் முதல் பெயராக வந்த ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் நிலைய வேலை போயிற்று. மனைவிக்கு ஹோட்டல் வேலை போயிற்று. ஊரை ஒன்று திரட்டிய பாதிரியார் டிலேய்னின் வீடு எரிந்தது.

பிரிக்ஸ் வழக்கும் முதலில் வசதிகளைச் சமமாக்கக் கேட்டுத்தான் வந்தது. நேரடியாகப் பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்து மனுவை மாற்றி எழுதும்படி வக்கீல் தர்குட் மார்ஷலைத் தள்ளியவர், வழக்கை விசாரித்த நீதிபதி வேரிங். இந்த மாற்றத்தில் ஒரு நடைமுறை நுணுக்கம் இருக்கிறது. மாநிலச் சட்டம் ஒன்று அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சொல்லித் தடையாணை கேட்டால், அன்றைய விதிப்படி ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர வேண்டும். அங்கிருந்து மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. நடுவிலிருக்கும் முறையீட்டு நீதிமன்றம் என்ற படியே கிடையாது. தோற்றாலும் வேகமாகத் தோற்கலாம். 1951-இல் 2-1 என்று தோற்றார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் வேரிங். கான்சாஸ், வர்ஜீனியா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் வழக்குகளோடு சேர்ந்து 1954 மே 17-இல், பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற பிரௌன் தீர்ப்பாக அது வென்றது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னது.

இதே கணக்கு அலபாமாவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்து விவகாரத்திலும் வேலை செய்தது. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பரில். எல்லோர் நினைவிலும் இருப்பது அவர் பெயர். பேருந்துச் சட்டத்தை வீழ்த்திய வழக்கில் அவர் வாதியே இல்லை. அவர்மீது இருந்தது மாநில நீதிமன்றத்தின் குற்ற வழக்கு. அது மாநிலத்தின் படிகள் ஒவ்வொன்றிலும் ஏறித்தான் வெளியே வர முடியும். எந்தப் படியிலும் ஒரு நடைமுறைக் குறையைக் காட்டி முடித்துவிடலாம். வக்கீல் பிரெட் கிரே 1956 பிப்ரவரி 1-இல் வேறு பெண்களை வாதிகளாக வைத்து ஃபெடரல் நீதிமன்றத்தில் புதிய வழக்கைப் போட்டார். அவர்களில் ஒருவர் உடனே விலகினார். அவர் அனுமதி இல்லாமல் வழக்குப் போட்டதாகக் கிரேமீதே குற்றச்சாட்டு வந்தது. மற்ற நால்வர் உறுதியாக நின்றதால் வழக்கு தப்பியது. ஜூனில் மூவர் அமர்வின் தீர்ப்பு, நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்ற உறுதி, டிசம்பர் 21-இல் பேருந்தில் எந்த இருக்கையிலும் யாரும் உட்காரலாம். பத்தரை மாதத்தில் ஒரு சட்டம் ஒழிந்தது அந்தக் காலத்தில் அரிய வேகம்.

பள்ளிகளில் அந்த வேகம் ஏன் வரவில்லை?

தீர்ப்புக்குப் பிறகு நடந்தது

பிரௌன் வழக்கின் இரண்டாம் தீர்ப்பு 1955 மே 31-இல் வந்தது. உரிமை உண்டு என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. எப்போது, எப்படி என்பது பாக்கி. பள்ளி வாரியங்களுக்கு அவகாசம் தேவையானால் அது ஏன் தேவை என்று அவைதான் நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. காகிதத்தில் சுமை சரியான தோளில்தான் இருந்தது. அதே தீர்ப்பு நாள் குறிக்கவில்லை. ‘நிதானத்தோடு கூடிய வேகம்’ என்ற பொருளில் ஒரு தொடரை வைத்தது. மேற்பார்வையை உள்ளூர் மாவட்ட நீதிபதிகளிடம் விட்டது. யாராவது வழக்குப் போட்டால்தான் அந்த நீதிபதிக்கே வேலை. ஆக, ஒவ்வொரு பள்ளி வட்டத்திலும் ஒரு கறுப்பினப் பெற்றோர் முன்வந்து, வேலையையும் வீட்டையும் பணயம் வைத்து, முதல் மனுவைப் போட வேண்டும். தென் மாநிலங்களில் பள்ளி வட்டங்கள் ஆயிரக்கணக்கில். இந்த வழக்குகளை எடுக்கத் துணிந்த வக்கீல்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

மாநிலங்கள் அதன்மேல் இன்னொரு அடுக்கைக் கட்டின. மாணவர் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் என்று பெயர். அவற்றில் இனம் என்ற சொல்லே வராது. பள்ளியில் இடவசதி, மாணவரின் மனப்பக்குவம், வீட்டுச் சூழல், சச்சரவு வரும் வாய்ப்பு என்று நீளும் அளவுகோல்களை வைத்து, ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாக வாரியம் ‘ஒதுக்கும்’. மாற்றம் வேண்டுமானால் பெற்றோர் குறித்த தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வாரியம் மறுத்தால் விசாரணை கேட்க வேண்டும், அதிலும் மறுத்தால் மேல்முறையீடு. வட கரோலினா வழக்கு ஒன்றில், இந்தப் படிகளையெல்லாம் ஒவ்வொரு மாணவரும் தனியாக ஏறி முடித்த பிறகே ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வரலாம் என்று 1956-இல் முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழு வழக்கு என்ற ஆயுதம் அங்கே மழுங்கிற்று. படிகள் ஏறி முடிவதற்குள் பிள்ளை பள்ளிப்படிப்பையே முடித்துவிடும், வழக்கு செல்லாததாகிவிடும். அலபாமாவின் ஒதுக்கீட்டுச் சட்டம் எழுத்தளவில் செல்லும் என்று 1958-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. தவறாகப் பயன்படுத்தினால் அப்போது வாருங்கள் என்பது அதன் பொருள். மறுபடியும் நிரூபிக்க வேண்டியவர் பெற்றோர்.

வக்கீல்களை முடக்குவது இன்னொரு வழி. 1956-இல் அலபாமா அரசு, தேசிய கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பெயர் வெளியானால் ஒவ்வொருவருக்கும் ஹாரி பிரிக்ஸின் கதிதான். சங்கம் மறுத்ததால் 1,00,000 டாலர் அபராதம். பட்டியலைத் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் சொன்னது. மாநில நீதிமன்றம் வேறு காரணங்களை எடுத்தது. அதே வழக்கு நான்கு முறை உச்ச நீதிமன்றம் போய் வந்தது. 1964 வரை அலபாமாவில் சங்கம் இயங்க முடியவில்லை. நான்கு முறையும் வென்றது சங்கம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி எல்லாவற்றையும் மிஞ்சியது. சேர்த்துப் படிக்க வைக்கச் சொன்னால் பொதுப்பள்ளியே வேண்டாம் என்று 1959-இல் மூடிவிட்டது. வெள்ளையர் பிள்ளைகள் அரசு மானியத்தோடு தனியார் பள்ளிக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஐந்தாண்டு காலம் முறையான பள்ளியே இல்லை. 1964-இல்தான் உச்ச நீதிமன்றம் திறக்க வைத்தது. பிரௌன் தீர்ப்பின் ஐந்து வழக்குகளில் ஒன்று இந்தக் கவுண்டியிலிருந்து வந்தது. 1963-64 கல்வியாண்டில், முன்பு உள்நாட்டுப் போரில் கூட்டமைப்பாகப் பிரிந்து நின்ற தென் மாநிலங்கள் பதினொன்றிலும் வெள்ளையர் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் 1.2 சதவீதம்.

இதைத் திருப்பிய வழக்கு அதே வர்ஜீனியாவில் நியூ கென்ட் என்ற சிறு கவுண்டியில் எழுந்தது. அதன் புள்ளிவிவரங்கள் ஒரு பாடப்புத்தகக் கணக்குபோல் சுத்தமானவை. மக்கள் சுமார் 4,500; பாதிக்குப் பாதி; இரு இனத்தவரும் ஊர் முழுக்கக் கலந்தே வசித்தார்கள். பள்ளிகள் இரண்டே இரண்டு. கிழக்கே வெள்ளையருக்கு நியூ கென்ட் பள்ளி, மேற்கே கறுப்பினத்தவருக்கு ஜார்ஜ் வாட்கின்ஸ் பள்ளி. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி என்று ஒரு கோடு கிழித்திருந்தாலே இரண்டும் கலந்திருக்கும். கோடு கிழிக்காமல் இருக்க 21 பேருந்துகள் ஓடின, 11 ஒரு பள்ளிக்கு, 10 இன்னொன்றுக்கு, ஒரே சாலைகளில், ஒன்றன்பின் ஒன்றாக. வாரியம் 1965-இல் ‘விருப்பத் தேர்வு’ கொண்டுவந்தது: யாரும் எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாண்டுகளில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூட வாட்கின்ஸுக்கு வரவில்லை. கறுப்பினப் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் அங்கேயே இருந்தார்கள்.

விருப்பம் இருக்கிறதே, சட்டம் தடுக்கவில்லையே என்பது வாரியத்தின் வாதம். 1968-இல் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி வேறு: வேலை செய்கிறதா? நடைமுறையில் பலன் தரக்கூடிய திட்டத்தை, இப்போதே பலன் தரும் திட்டத்தைக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு வாரியத்துடையது என்றது. இரட்டை முறையைக் கட்டியவர்களே அதைக் கலைக்க வேண்டும். அந்த வேலையைப் பெற்றோர் தலையிலும் பிள்ளைகள் தலையிலும் கட்ட முடியாது. மாணவர், ஆசிரியர், ஊழியர், போக்குவரத்து, விளையாட்டு முதலான பிற நிகழ்ச்சிகள், கட்டடங்கள் என்று ஆறு இடங்களில் பார்க்கும் சோதனையும் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் வந்தது. என் கணிப்பில், வகுப்பறையை மாற்றியதில் 1954-ஐவிட 1968-க்கே பங்கு அதிகம். ஒன்று கொள்கையைச் சொன்னது, மற்றது கணக்குக் கேட்டது. அடுத்த ஆண்டே, மிசிசிப்பி வழக்கில் அவகாசம் முடிந்தது, உடனே செய் என்றது உச்ச நீதிமன்றம்.

நீதிமன்றம் தனியாக இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு ஃபெடரல் பணம் இல்லை என்றது. அடுத்த ஆண்டே பள்ளிகளுக்கு ஃபெடரல் நிதி பெரிய அளவில் வரத் தொடங்கியது. நியூ கென்ட் விருப்பத் தேர்வு கொண்டுவந்ததே அந்தப் பணம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. அதே சட்டம் ஹோட்டல்களையும் உணவகங்களையும் தொட்டபோது, அடிப்படை வணிக அதிகாரம், அதாவது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரம். தனியார் கடையை 14-ஆவது திருத்தம் கட்டாது என்று 1883 தீர்ப்பு இருந்ததால் வந்த சுற்றுவழி. பர்மிங்காமின் ஒரு உணவகம் ஓராண்டில் வாங்கிய உணவுப்பொருளில் 69,683 டாலர் மதிப்புள்ள இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வந்தது, அதாவது 46 சதவீதம் என்ற கணக்கே அந்தக் கடையைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் போதுமானதாயிற்று. மனித கண்ணியத்தை இறைச்சி பில்லில் தேட வேண்டியிருந்ததே என்று வருந்தலாம், வழக்கு நின்றது.

காத்திருப்பவர் மாறினார்

செல்மாவுக்குத் திரும்புவோம். ஒரு கவுண்டியின் வாக்காளர் வழக்கைத் தயார்செய்ய, பழைய பதிவேடுகளைப் புரட்டுவதற்கு மட்டும் சில சமயம் 6,000 மணிநேர உழைப்பு தேவைப்பட்டது. அதிகாரி வெள்ளையரிடம் கேட்ட கேள்வியையும் கறுப்பினத்தவரிடம் கேட்ட கேள்வியையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டாக வேண்டும். மிசிசிப்பியில் மாநில அரசியல் சாசனத்தின் 285 பிரிவுகளில் எதை வேண்டுமானாலும் காட்டி, இதற்கு விளக்கம் எழுது என்று கேட்கலாம்; விளக்கம் சரியா என்று முடிவுசெய்பவரும் அதே அதிகாரி. ஒரு தேர்வைத் தடைசெய்தால், தடையாணையில் இல்லாத இன்னொரு தேர்வு வரும். சில ஊர்களில் பதிவு அலுவலகத்தையே மூடிவிடுவார்கள். 1954-க்கும் 1964-க்கும் நடுவில் மிசிசிப்பியில் பதிவான கறுப்பின வாக்காளர் 4.4 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதத்துக்குத்தான் நகர்ந்தார்கள்.

1965 ஆகஸ்ட் 6-இல் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் இந்த வரிசையையே தலைகீழாக்கியது. 1964 நவம்பரில் தகுதித் தேர்வு வைத்திருந்து, வாக்களிக்கும் வயதினரில் பாதிக்கும் குறைவானோரே பதிவு செய்திருந்த அல்லது வாக்களித்த இடங்களில் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. ஐந்தாம் பிரிவு இன்னும் கூர்மையானது: அந்த இடங்கள் தேர்தல் விதி எதை மாற்றினாலும், நடைமுறைக்குக் கொண்டுவரும் முன் அட்டர்னி ஜெனரலிடம் காட்ட வேண்டும், அவருக்கு 60 நாள். அல்லது வாஷிங்டனில் மூவர் அமர்வின் முன் போய், இது பாகுபாடு அல்ல என்று மாநிலமே நிரூபிக்க வேண்டும். அனுமதி வரும்வரை காத்திருப்பது புதிய விதி, வாக்காளர் அல்ல. 1967-க்குள் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு 59.8 சதவீதம் ஆனது.

வேலைவாய்ப்பிலும் இதே திருப்பம் 1971-இல் வந்தது. வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் மின்நிலையம். 95 ஊழியர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். முன்பு கறுப்பினத்தவர் எல்லோரையும் கூலிப்பிரிவில் மட்டுமே வைத்திருந்தது நிறுவனம். பாகுபாட்டுக்குத் தடை நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2 அன்றே, மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு எழுத்துத் தேர்வுகளை வைத்தது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் நிபந்தனை ஏற்கெனவே இருந்தது. சான்றிதழ் இல்லாத பழைய வெள்ளை ஊழியர்கள் அந்த வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். நோக்கம் கெட்டதா என்பதை ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை. விளைவு ஒருதலையாக விழுந்தால், அந்தத் தேர்வுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளி காட்டட்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

சுமை ஒருமுறை மாறினால் அங்கேயே நிற்காது. 1976-இல், அரசியல் சாசனத்தின் கீழ் வரும் வழக்குகளில் நோக்கத்தை நிரூபித்தாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 1980-இல் மொபைல் நகர வழக்கு அதே அளவுகோலை வாக்குரிமைக்குள் இழுத்தது. 1982-இல் நாடாளுமன்றம் விளைவு போதும் என்று திருத்தியது. வேலைவாய்ப்பில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சுமையை ஊழியர் பக்கம் தள்ள, 1991-இல் புதிய சட்டம் திரும்பத் தள்ளியது. ஒவ்வொரு முறையும் உரிமை அப்படியே இருந்தது, நிரூபிக்க வேண்டியவர்தான் மாறினார்.

2013 ஜூன் 25-இல் ஷெல்பி கவுண்டி வழக்கில், எந்த மாநிலங்கள் முன்அனுமதி பெற வேண்டும் என்று முடிவுசெய்யும் சூத்திரத்தை 5-4 என்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. டெக்சாஸின் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டுதான் மூவர் அமர்வு அனுமதி மறுத்திருந்தது. ஷெல்பி தீர்ப்பு வந்த அன்றே அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று மாநிலம் அறிவித்தது. இப்போது வழக்குப் போட வேண்டியவர்கள் வாக்காளர்கள். பதிவான வாக்காளர்களில் சுமார் 6 லட்சம் பேரிடம் தேவையான அட்டை இல்லை என்று 2014 அக்டோபரில் மாவட்ட நீதிமன்றம் கண்டறிந்து, சட்டத்தை நிறுத்தியது. தேர்தல் நெருங்கிவிட்டது என்று சொல்லி முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. நவம்பர் தேர்தல் அந்தச் சட்டத்தின்படியே நடந்தது. அதன் விளைவு பாகுபாடானது என்று முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு உறுதிசெய்தது 2016 ஜூலையில்.